1,609,190,856: பத்து இலக்க எண் ஒன்றின் குணங்களைக் கையால் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

கல்லடியில் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்த எண்ணைக் கொடுத்து, "இதைப் பற்றி உங்களுக்கு என்னவெல்லாம் சொல்ல முடியுமோ சொல்லுங்கள்" என்று விட்டேன். ஒன்றரை மணித்தியாலம் போனது. காரணிகளைச் சரியாகக் கண்டுபிடித்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்த கணக்கை எந்த இடத்தில் போடுவது என்பதில்தான் சிக்கல். எண்ணும் கொஞ்சம் குறும்பானது, வேண்டுமென்றே பொறி வைத்துச் செய்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு எங்கெங்கே யார் யார் தடுக்கி விழுந்தார்கள் என்று குறித்து வைத்திருந்ததை வைத்துத்தான் கீழே உள்ள வரிசையை எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாமல் ஒரு தடவை செய்து பாருங்கள். பெரிய வகுத்தல் எதுவும் வராது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

50 வரையுள்ள முதன்மை எண்கள் மனதில் இருக்க வேண்டும்: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47. பதினைந்துதான். (தமிழ்நாட்டுப் புத்தகங்களில் பகா எண் என்று போட்டிருப்பது இதைத்தான்.) 1 இந்தப் பட்டியலில் இல்லை, அதை யாராவது சேர்த்தால் இப்போதே வெட்டுங்கள்.

சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்று. வெள்ளைத் தாளில் எழுதினால் இலக்கங்கள் சாய்ந்து போய் அடுத்த நிரையில் விழும், அதில் வரும் பிழையைத் தேடவே அரை மணித்தியாலம் போய்விடும்.

கல்குலேட்டர் வைத்திருந்தால் அது எத்தனை இலக்கம் காட்டும் என்று முதலில் பாருங்கள். கடைகளில் வைத்திருக்கும் 8 இலக்கக் கல்குலேட்டருக்குள் நம்முடைய எண் நுழையவே நுழையாது, கடைசி இரண்டு இலக்கங்களை அது சத்தமில்லாமல் விட்டுவிடும், நீங்கள் வேறொரு எண்ணை வைத்து மாரடித்துக்கொண்டிருப்பீர்கள்.

2. வலப்பக்கத்திலிருந்து மும்மூன்றாகப் பிரியுங்கள்

1 | 609 | 190 | 856.

இதை ஒரு படியாக எழுத வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும். வீட்டில் நாம் பேசுவது இலட்சம், கோடி. நூற்றுஅறுபது கோடியே தொண்ணூற்றொரு இலட்சத்துத் தொண்ணூறாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தாறு. அந்தப் பேச்சை அப்படியே தாளில் போட்டால் 160 | 91 | 90 | 856 என்று வரும். ஒரு தங்கச்சி அப்படித்தான் எழுதினாள். காசு எண்ண அது சரி. ஆனால் 5ஆம் படியில் வரும் கழித்தல் 1000, 1000 ஆகப் பிரித்தால்தான் வேலை செய்யும், ஏனென்றால் அது 1001 என்ற எண்ணின் மேல் நிற்கிறது. பேச்சு கோடியில் இருக்கட்டும், தாள் ஆயிரத்தில் இருக்கட்டும்.

3. முதலில் 2ஐ முழுவதுமாக உரித்துவிடுங்கள்

கடைசி மூன்று இலக்கம் 856. அதை 8 வகுக்கும்: 856 ÷ 8 = 107. விடை ஒற்றை எண், ஆனபடியால் கடைசி மூன்று இலக்கத்தை 16 வகுக்காது. அதற்காக முழு எண்ணையும் 16 வகுக்காது என்று அங்கேயே முடிவு கட்டக் கூடாது, 16க்குக் கடைசி நான்கு இலக்கம் பார்க்க வேண்டும். இங்கே ஆயிரத்தின் இடத்தில் 0 இருப்பதால் நான்கு இலக்கமும் 0856தான், அதனால் தப்பித்தோம்.

1,609,190,856 ÷ 8 = 201,148,857.

இனிப் பழைய எண்ணை மறந்துவிடுங்கள். அடுத்த சோதனை எல்லாம் இந்த ஒன்பது இலக்க எண்ணுக்கு மட்டும். பலர் காரணியைக் கண்டுபிடித்து ஓரத்தில் எழுதிவிட்டு, வகுக்காமல் பழைய எண்ணையே சோதித்துக்கொண்டு போவார்கள். சூடு மிதித்துப் பதரைத் தூற்றாமல் மரைக்காலில் நெல் அளக்கப் போனால் எப்படி இருக்கும்? அதே கதைதான்.

4. பிறகு 3, பிறகு 5

201,148,857இன் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 2+0+1+1+4+8+8+5+7 = 36. 36ஐ 9 வகுக்கும், ஆகவே எண்ணையும் 9 வகுக்கும்.

201,148,857 ÷ 9 = 22,349,873.

மறுபடி கூட்டுங்கள்: 2+2+3+4+9+8+7+3 = 38. 3 வகுக்காது. ஆகவே 3² உடன் முடிந்தது.

இந்த இடத்தில் மூன்று பேர் மூன்று விதமாக விழுந்தார்கள்.

முதலாமவன் முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி 45 எடுத்துவிட்டு, "சேர், 45ஐ 5 வகுக்குமே, அப்ப எண்ணையும் 5 வகுக்கும்தானே?" என்றான். இலக்கங்களின் கூட்டுத்தொகை 3ஐயும் 9ஐயும் பற்றி மட்டும் பேசும். காரணம் லேசானது. 10, 100, 1000 எல்லாவற்றையும் 9ஆல் வகுத்தால் மீதி 1, அதனால் 600ஐ 9ஆல் வகுத்த மீதியும் 6ஐ 9ஆல் வகுத்த மீதியும் ஒன்றுதான், இலக்கங்களை அப்படியே கூட்டிவிடலாம். 5க்கு அந்த வசதி இல்லை, 10ஐ 5 முழுதாக விழுங்கிவிடுகிறது. 5க்குக் கடைசி இலக்கத்தைப் பார்த்தால் போதும், இங்கே அது 3, ஆகவே 5 கிடையாது.

இரண்டாவது பிழை, கூட்டுத்தொகை 27 வந்தால் எண்ணை 27 வகுக்கும் என்று நினைப்பது. நம் எண்ணில் அந்தச் சந்தர்ப்பம் வரவில்லை, ஆனால் 1,899ஐப் பாருங்கள். கூட்டுத்தொகை 27, ஆனால் 1,899 = 9 × 211. 27ஆல் வகுபடாது. ஒரு தடவை 9ஆல் வகுத்து, வந்த விடையின் இலக்கங்களை மறுபடி கூட்டுவதுதான் ஒரே வழி.

மூன்றாவது ஆள் கூட்டலிலேயே பிழை விட்டார். அதற்கு மருந்து கிடையாது, இரண்டு தரம் கூட்டுங்கள்.

5. 7, 11, 13 மூன்றையும் ஒரே கழித்தலில் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. 7 × 11 × 13 = 1001. ஆகவே 1000ஐ இந்த மூன்றில் எதனால் வகுத்தாலும் மீதி −1 என்று வைத்துக்கொள்ளலாம், 1,000,000இன் மீதி +1. மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, வலப்பக்கத்திலிருந்து கூட்டல், கழித்தல், கூட்டல் என்று மாற்றி மாற்றிப் போட்டால், வரும் சின்ன எண்ணுக்கும் பெரிய எண்ணுக்கும் 7, 11, 13 மூன்றிலும் ஒரே மீதி.

22 | 349 | 873: 873 − 349 + 22 = 546.

546 = 7 × 78, 546 = 13 × 42. 11ஆல் வகுத்தால் மீதி 7. ஆகவே 7 உண்டு, 13 உண்டு, 11 இல்லை.

22,349,873 ÷ 7 = 3,192,839.
3,192,839 ÷ 13 = 245,603.

வகுத்து முடிந்ததும் அதே மூன்றையும் மறுபடி பாருங்கள், ஏனென்றால் 7 இரண்டு தரம் ஒளிந்திருக்கலாம். 603 − 245 = 358. 7ஆல் வகுத்தால் மீதி 1, 11ஆல் மீதி 6, 13ஆல் மீதி 7. ஒன்றும் இல்லை. இந்த மூன்றின் கதை முடிந்தது.

இனிப் பொறிகள். 546ஐ 2ம் வகுக்கும், 3ம் வகுக்கும். அதைப் பார்த்துவிட்டு "இன்னும் ஒரு 2 இருக்கிறது" என்று எழுதியவர்கள் இரண்டு பேர். 22,349,873 ஒற்றை எண் என்பது கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது, ஆனாலும் எழுதினார்கள். 546 என்பது 7, 11, 13 பற்றிக் கேட்டதற்கு வந்த பதில், அதனிடம் 2ஐப் பற்றி விசாரிக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. 3ஆம், 4ஆம் படிகளைத் தாண்டிக்கொண்டு நேரே முதல் எண்ணில் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்: 856 − 190 + 609 − 1 = 1274. 1274 = 2 × 7 × 7 × 13. அடடே, 7 இரண்டு தரம்! என்று சந்தோஷமாக 7² எழுதிவிட்டு, 49ஆல் வகுக்கப் போனால் மீதி வரும். எண்ணில் 7 ஒரே ஒரு தரம்தான் இருக்கிறது. 1001க்குள் 7 ஒரு தரம் மட்டுமே இருப்பதால் இந்தக் கழித்தல் 7இன் மீதியைக் காப்பாற்றும், 49இன் மீதியைக் காப்பாற்றாது. இந்த இடத்தில் விழுந்தவர் வகுப்பிலேயே கெட்டிக்காரர், மீதி வந்ததும் வகுத்தல்தான் பிழை என்று நினைத்து நான்கு தரம் வகுத்தார். பாவம்.

கழித்துவந்த விடை மறை எண்ணாக வந்தால் பயப்பட வேண்டாம். அடையாளத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பாருங்கள், வகுபடுமா என்ற கேள்விக்கு அது போதும்.

6. வர்க்கமூல எல்லையை ஒவ்வொரு முறையும் புதிதாக்குங்கள்

ஓர் எண் சேர்த்தி எண்ணாக (1ஐவிடப் பெரிய, முதன்மை அல்லாத எண்ணாக) இருந்தால் அதன் இரண்டு காரணிகளில் சின்னது, எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. இரண்டுமே வர்க்கமூலத்தைவிடப் பெரிதென்றால் பெருக்கம் எண்ணைவிடப் பெரிதாகிவிடும். ஆகவே வர்க்கமூலம் வரைக்கும் தேடினால் போதும். இது எல்லோருக்கும் தெரியும்.

தெரியாதது, அந்த எல்லை நாம் வகுக்க வகுக்கச் சுருங்குகிறது என்பது. முதல் எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 40,114. 40,000 வரைக்கும் 4,203 முதன்மை எண்கள் இருக்கின்றன, அத்தனையாலும் வகுத்துப் பார்க்க யாருக்கு முடியும்? 8ஐ எடுத்ததும் எல்லை 14,182. 9ஐ எடுத்ததும் 4,727. 7ஐ எடுத்ததும் 1,786. 13ஐயும் எடுத்த பிறகு 245,603இன் வர்க்கமூலம் 495. இப்போது தேட வேண்டியது 17 முதல் 491 வரை 88 முதன்மை எண்கள் மட்டும்.

அதுவும் அதிகம்தான். அடுத்த இரண்டு படிகள் அதைக் குறைக்க.

7. 17 முதல் 47 வரை பொறுமையாக வகுங்கள்

குறுக்கு வழி கிடையாது. 245,603ஐ வகுத்தால் மீதிகள்: 17இல் 4, 19இல் 9, 23இல் 9, 29இல் 2, 31இல் 21, 37இல் 34, 41இல் 13, 43இல் 30, 47இல் 28. ஒன்றும் சரியாக வகுக்கவில்லை.

மீதியைக் கட்டாயம் எழுதி வையுங்கள், "இல்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். பிறகு சந்தேகம் வந்தால் எழுதிய மீதியைச் சரிபார்ப்பது ஒரு நிமிட வேலை, "இல்லை"யைச் சரிபார்க்க முழு வகுத்தலையும் திரும்பச் செய்ய வேண்டும்.

47 வரை ஒன்றும் அகப்படவில்லை என்றதும் "அப்ப இது முதன்மை எண்" என்று முடித்துவிட்டவர்கள்தான் அன்று அதிகம். எல்லை 495. நாம் நிற்பது 47இல்.

8. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதப் பாருங்கள்

க² − ச² = (க − ச)(க + ச). தரம் 9இலேயே படித்ததுதான், ஆனால் அது எண்களை உடைக்கவும் உதவும் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. 245,603ஐ இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால் காரணிகள் தானாக வந்து விழும். இதற்கு ஃபெர்மா முறை என்று பெயர்.

வர்க்கமூலம் 495.58 என்பதால் அதற்கு அடுத்த முழு எண்ணான 496இலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றின் வர்க்கத்திலிருந்தும் 245,603ஐக் கழித்து, வருவது முழு வர்க்கமா என்று பார்க்க வேண்டும்.

496² − 245,603 = 246,016 − 245,603 = 413. எந்த வர்க்கமும் 2, 3, 7, 8இல் முடியாது. ஆகவே இல்லை.

497² − 245,603 = 247,009 − 245,603 = 1,406. 6இல் முடியும் வர்க்கத்துக்குப் பத்தின் இடத்து இலக்கம் எப்போதும் ஒற்றை எண் (16, 36, 196, 256 பாருங்கள்). இங்கே 0. இல்லை.

498² − 245,603 = 248,004 − 245,603 = 2,401 = 49². வந்துவிட்டது!

ஆகவே 245,603 = (498 − 49)(498 + 49) = 449 × 547.

வகுத்துக்கொண்டே போயிருந்தால் 17இலிருந்து 449 வரை 81 வகுத்தல். இங்கே மூன்று கழித்தல். இன்னும் கொஞ்சம் கறாராக இருந்தால் 497ஐயும் தொட்டிருக்கத் தேவையில்லை: 245,603ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3, வர்க்கங்களுக்கு 4இல் மீதி 0 அல்லது 1 மட்டுமே வரும், ஆகவே வித்தியாசம் 3 மீதியைத் தர வேண்டுமென்றால் க இரட்டை எண்ணாகவும் ச ஒற்றை எண்ணாகவும் இருந்தே ஆக வேண்டும். மீதி 1 என்றால் மறுதலையாக, க ஒற்றை எண்.

முதலிலேயே இதைச் செய்தால் என்ன, 7ஆம் படி எதற்கு என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. காரணிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று கிட்ட இருந்தால்தான் இந்த முறை வேகம். 230,161ஐ எடுங்கள், அது 23 × 10,007. வகுத்துப் பார்த்தால் 17, 19, 23, மூன்றாவதிலேயே முடிந்தது. ஃபெர்மா முறையில் 481இலிருந்து 5,015 வரை ஒற்றை எண்களாகப் போய், 2,268ஆவது முயற்சியில்தான் விடை வரும். ஆகவே முதலில் சின்ன முதன்மை எண்களால் வகுத்து, அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு கழித்தல் முயன்று, அதிலும் வராவிட்டால் 53இலிருந்து வகுத்தலைத் தொடருங்கள்.

449ம் 547ம் முதன்மை எண்களா? இதற்காக மறுபடி வகுக்கத் தொடங்காதீர்கள். 547இன் வர்க்கமூலம் 24க்குள். 47 வரையுள்ள எந்த முதன்மை எண்ணும் 245,603ஐ வகுக்கவில்லை என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோம், பெருக்கத்தை வகுக்காதது அதன் காரணியையும் வகுக்காது. ஆகவே இரண்டும் முதன்மை எண்கள்.

1,609,190,856 = 2³ × 3² × 7 × 13 × 449 × 547

9. சரிபார்க்க 11ஐப் பயன்படுத்துங்கள், 9ஐ அல்ல

பள்ளிக்கூடத்தில் பெருக்கலைச் சரிபார்க்க இலக்கச் சுட்டி எடுக்கச் சொல்வார்கள், அதாவது ஒரே இலக்கம் மிஞ்சும் வரை இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போவது. இந்த எண்ணுக்கு அது உதவாது. எண்ணுக்குள் 3² இருப்பதால் இலக்கச் சுட்டி 9. காரணிகளின் பக்கமும் 3² இருப்பதால், 449க்குப் பதிலாக 443 என்று பிழையாக எழுதியிருந்தாலும் அங்கேயும் 9தான் வரும், பிழை பிடிபடாது.

11இல் பாருங்கள். முதல் எண்ணின் இலக்கங்களை வலப்பக்கத்திலிருந்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் 6−5+8−0+9−1+9−0+6−1 = 31, 11ஆல் வகுத்த மீதி 9. காரணிகளின் பக்கம்: 8 × 9 = 72, மீதி 6. 6 × 7 = 42, மீதி 9. 13இன் மீதி 2, 9 × 2 = 18, மீதி 7. 449இன் மீதி 9, 7 × 9 = 63, மீதி 8. 547இன் மீதி 8, 8 × 8 = 64, மீதி 9. இரண்டு பக்கமும் 9. சரி.

10. எத்தனை காரணிகள்?

ஒவ்வொரு முதன்மைக் காரணியின் சுட்டியுடனும் (2³ என்றால் சுட்டி 3) 1ஐக் கூட்டிப் பெருக்குங்கள்: 4 × 3 × 2 × 2 × 2 × 2 = 192.

ஏன் 1ஐக் கூட்டுவது? ஒரு காரணிக்குள் 2ஐ எத்தனை தரம் வைக்கலாம் என்றால் 0, 1, 2, 3, அதாவது நான்கு தெரிவுகள். 0ஐ மறந்தால் 3 × 2 × 1 × 1 × 1 × 1 = 6 என்று வந்து நிற்கும், முதன்மைக் காரணிகளே ஆறு இருக்கும்போது மொத்தமே ஆறா என்று சந்தேகம் வர வேண்டும். தெரிவுகளைப் பெருக்காமல் கூட்டி 15 எடுத்தவர்களும் உண்டு.

ஒற்றைக் காரணிகள் மட்டும் வேண்டுமென்றால் 2இன் தெரிவைத் தூக்கிவிடுங்கள்: 3 × 2 × 2 × 2 × 2 = 48. மீதி 144ம் இரட்டை.

11. காரணிகளின் கூட்டுத்தொகை

192 காரணிகளையும் எழுதிக் கூட்டவேண்டாம். ஒவ்வொரு முதன்மை எண்ணுக்கும் ஓர் அடைப்புப் போடுங்கள்:

(1+2+4+8)(1+3+9)(1+7)(1+13)(1+449)(1+547) = 15 × 13 × 8 × 14 × 450 × 548 = 5,385,744,000.

அடைப்புகளை விரித்தால் ஒவ்வொரு காரணியும் சரியாக ஒரு தரம் வரும். நம்பிக்கை இல்லாவிட்டால் 12இல் செய்யுங்கள்: (1+2+4)(1+3) = 28, காரணிகள் 1, 2, 3, 4, 6, 12, கூட்டினால் அதே 28.

எண்ணையே கழித்தால் 3,776,553,144 மிஞ்சும். இது எண்ணைவிடப் பெரிது, ஆகவே நம்முடையது மிகை எண் (6, 28 போன்றவற்றில் இரண்டும் சமமாக வரும்). உண்மையில் இதற்கு இவ்வளவு பெருக்கல் தேவையில்லை. 6ஆல் வகுபடும் எண்ணுக்கு அதன் பாதி, மூன்றிலொன்று, ஆறிலொன்று மூன்றும் காரணிகள், அந்த மூன்றையும் கூட்டினாலே எண் வந்துவிடும், அதற்கு மேல் 1 இருக்கிறது. 6ஐவிடப் பெரிய 6இன் மடங்குகள் எல்லாமே மிகை எண்கள்தான்.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு குழி. நம் எண் 2,147,483,647ஐவிடச் சிறியது, ஆகவே ஜாவாவின் சாதாரண 32 பிட் முழு எண்ணுக்குள் அடங்கும். கூட்டுத்தொகை அடங்காது. ஜாவா பிழை என்று கத்தாது, 4,294,967,296ஐ வெட்டிவிட்டு 1,090,776,704 என்று அமைதியாகக் காட்டும். அது முதல் எண்ணைவிடச் சிறியது, ஆகவே மிகை எண்ணைக் குறை எண் என்று புரோகிராம் அறிவித்துவிடும். உயர்தரம் படிக்கும் ஒருவர் கணினியில் செய்துகாட்டி "சேர், உங்கட கணக்குப் பிழை" என்று சொன்னபோது எனக்கே ஒரு நிமிடம் வியர்த்தது. 64 பிட் வகைக்கு மாற்றினால் சரியாகும்.

12. பொதுக்காரணி இல்லாத எண்கள் எத்தனை?

1இலிருந்து நம் எண் வரைக்கும், அதனுடன் 1ஐத் தவிர வேறு பொதுக்காரணி இல்லாத எண்களை எண்ணுவது ஆய்லர் சார்பு. 2இன் மடங்குகளைத் தள்ளினால் பாதி மிஞ்சும், அதில் 3இன் மடங்குகளைத் தள்ளினால் மூன்றில் இரண்டு பங்கு, அப்படியே போய்:

4 × 6 × 6 × 12 × 448 × 546 = 422,682,624.

7, 13, 449, 547க்கு ஒன்று குறைத்தால் போதும். 8க்கும் 9க்கும் அப்படிக் குறைத்து 7, 8 என்று எழுதுவது வழக்கமான பிழை. 8இன் பாதி 4, 9இன் மூன்றில் இரண்டு 6.

13. சுருக்கமாகப் பார்க்க வேண்டிய இரண்டு

முழு வர்க்கமா? இல்லை, 2, 7, 13, 449, 547 எல்லாவற்றின் சுட்டியும் ஒற்றை எண்ணாக (3 அல்லது 1) நிற்கிறது. இந்த ஐந்தையும் பெருக்கினால் 44,699,746, எந்தச் சிறிய எண்ணால் பெருக்கினால் முழு வர்க்கமாகும் என்ற பரீட்சைக் கேள்விக்கு இதுதான் விடை.

இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா? 4ஆல் வகுத்தால் மீதி 3 தரும் முதன்மை எண் ஏதாவது ஒற்றைச் சுட்டியுடன் இருந்தால் முடியாது. 7 அப்படித்தான் இருக்கிறது. முடிந்தது, வேறு ஒன்றையும் பார்க்கத் தேவையில்லை.

14. 1ஐ இந்த எண்ணால் வகுத்தால் வரும் மீளும் தசமம்

எட்டாத வேலை மாதிரித் தெரியும், ஆனால் காரணிகள் கையில் இருந்தால் ஒரு பக்கத்துக்குள் முடியும். 2இன் சுட்டி 3, 5 இல்லை, ஆகவே தசமப் புள்ளிக்குப் பிறகு முதல் 3 இலக்கங்கள் மீளாதவை. அதற்குப் பிறகு எத்தனை இலக்கத்துக்கு ஒரு தரம் மீளும் என்று அறிய, மற்ற ஒவ்வொரு காரணிக்கும் 10இன் எத்தனையாம் வலு மீதி 1ஐத் தருகிறது என்று பார்க்க வேண்டும்.

9க்கு 1. 7க்கு 6. 13க்கு 6.

449க்கு: 10⁴ மீதி 122, அதை வர்க்கித்தால் 10⁸ மீதி 67, 67² = 4,489 = 449 × 10 − 1, ஆகவே 10¹⁶ மீதி −1, 10³² மீதி 1. நீளம் 32.

547க்கு: 10¹³ மீதி 544, அதாவது −3. ஏழாம் வலுவுக்கு உயர்த்தினால் −2,187. 547 × 4 = 2,188, ஆகவே 10⁹¹ மீதி 1. 91இன் காரணிகளான 1, 7, 13இல் எதிலும் மீதி 1 வருவதில்லை (10, 293, 544), ஆகவே நீளம் 91தான். பெரிய மீதியை இப்படி மறை எண்ணாக மாற்றிக்கொண்டால் வேலை பாதியாகும், 544ஐ ஏழு தரம் பெருக்குவதை நினைத்துப் பாருங்கள்.

1, 6, 6, 32, 91 இவற்றின் பொ.ம.சி. (பொது மடங்குகளுட் சிறியது) 8,736. அத்தனை இலக்கத்துக்கு ஒரு தரம்தான் தசமம் மீளும். பொ.ம.சி. எடுக்காமல் எல்லாவற்றையும் பெருக்கினால் 104,832 வரும், அதுவும் மீளும் நீளம்தான், ஆனால் மிகச் சிறியது அல்ல.

15. உங்களுக்கு ஒன்று

56,861,145.

இதில் 5 உண்டு, ஆகவே அதையும் உரிக்க மறக்காதீர்கள். நேரே முதல் எண்ணில் 1001 சோதனை செய்தால் மறை எண் வரும், 5ஐயும் 9ஐயும் எடுத்த பிறகு செய்தால் நேர் எண்ணாக வரும், அதற்குள் 29 தெரிந்தால் ஏமாற வேண்டாம். ஃபெர்மா படியில், 4இன் மீதியைப் பார்த்துவிட்டுத் தொடங்கினால் முதல் முயற்சியிலேயே விழும்.

காரணிகளின் எண்ணிக்கை 48, கூட்டுத்தொகை 108,156,672. உங்களுக்கு 24 வந்தால் 114,871ஐ முதன்மை எண் என்று விட்டுவிட்டீர்கள். 32 வந்தால் 3ஐ ஒரு தரம்தான் எடுத்திருக்கிறீர்கள், 4ஆம் படிக்குத் திரும்புங்கள்.